புது நம்பர்

“கடைசியா எப்பக் கையில வெச்சிருந்த? மொதல்ல அதைச் சொல்லு.”

அத்திப்பட்டு புதுநகர் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். கரண்ட் பில், ரேஷன் கார்டு திருத்தம், பட்டா, காலேஜ் அப்ளிகேஷன் எல்லாவற்றுக்கும் ஊர் அங்கேதான் வரும். நடத்துகிறவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். பாதி ஊருக்கு அவர் அக்கா. கதவை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார். திறந்து போட்டால் கொஞ்ச நேரத்தில் மேசைமேல் சாம்பல் படிந்துவிடும். வட சென்னை அனல் மின்நிலையமும் வல்லூர் அனல் மின்நிலையமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் இது. மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை வெள்ளையாகவே எடுத்து வருவது இங்கே சுலபமில்லை.

நான் என் முறைக்காக ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பையனுக்கு இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். வெல்டர் என்று அவன் சொல்ல வேண்டியதில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பொறி தெறித்த தழும்புகளே சொல்லிவிடும். பின்னால் அவன் அம்மா. காதில் கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி. கையில் ஒரு மஞ்சள் பை. வீட்டில் இருக்கும் காகிதம் அத்தனையையும் அதில் அள்ளிப் போட்டு எடுத்து வந்திருந்தார்.

“நேத்து சாயங்காலம்க்கா. மண்ணடில ஏஜென்ட் ஆபீஸ்ல குடுத்தேன். பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தாரு. பையோட வெளி ஜிப்புல வெச்சேன். மூர் மார்க்கெட்ல கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். ஒரே கூட்டம், படிக்கட்டாண்டதான் நின்னுனு வந்தேன். வீட்டுக்கு வந்து பாத்தா ஜிப்பு பொளந்துனு இருக்குது. பாஸ்போர்ட் இல்ல.”

“ஆத்துல விழுந்துடுச்சோ என்னவோ,” என்றார் அம்மா. எண்ணூரைத் தாண்டியதும் வண்டி கொசஸ்தலையாற்றின் மேல்தான் வரும். இரவெல்லாம் அந்த அம்மா அந்தத் தண்ணீரையே நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

விமானத்துக்கு இன்னும் பதினோரு நாள். வளைகுடாவில் ஒரு ரிஃபைனரியில் ஷட்டவுன் வேலை. ஆலையைப் பராமரிப்புக்காகச் சில வாரம் நிறுத்தி, வெல்டர், ஃபிட்டர், ரிக்கர் என்று கூட்டம் கூட்டமாக ஆட்களை இறக்கி, இரவு பகலாக முடித்துத் திரும்ப ஓடவிடுவதற்குப் பெயர் ஷட்டவுன். அதற்குத் தேதிதான் எல்லாம். அன்றைக்கு வராத வெல்டருக்காக யாரும் காத்திருப்பதில்லை. இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு அந்த வேலை நன்றாக வரும். வட சென்னை மின்நிலையத்தின் இரண்டாம் கட்டம், வல்லூரின் மூன்று அலகுகள், 2019இல் திறந்த எல்.என்.ஜி. முனையம், மூன்றாம் கட்டத்தின் 800 மெகாவாட் என்று கண்ணெதிரே ஒவ்வொன்றாக எழும்பியபோது அங்கேயே ஹெல்ப்பராகப் போய்க் கை பழகியவர்கள் இவர்கள்.

“போலீஸ்ல எழுதிக் குடுத்தியா?”

ராத்திரியே போயிருக்கிறான். முதலில் போன இடத்தில், ரயிலில் தொலைந்திருந்தால் ரயில்வே போலீஸுக்குப் போ என்றார்கள். அங்கே போனால், வீட்டில்தானே பார்த்தாய், ரயிலில்தான் விழுந்தது என்று எப்படித் தெரியும் என்றார்கள். இரண்டு கேள்வியும் நியாயம்தான். நடுவில் நின்றவனுக்குத்தான் இரவு வீணாய்ப் போயிற்று.

அந்தப் பெண் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தைத் திறந்தார். தொலைந்த ஆவணத்துக்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு, எல்.டி.ஆர். என்பார்கள். பாஸ்போர்ட், ஆர்.சி. புத்தகம், லைசென்ஸ், மார்க் ஷீட் எது தொலைந்தாலும் ஸ்டேஷன் வாசலை மிதிக்காமல் பதிந்துகொள்ளலாம். பெயர், முகவரி, போன், தொலைந்த ஆவணத்தின் நம்பர், இடம், நாள்.

“தொலைஞ்சுதா, திருடு போச்சா?”

அவன் தயங்கினான். “டீக்கடையில ஒருத்தர், திருடு போச்சுன்னு போட்டா சீக்கிரம் குடுப்பாங்கன்னு சொன்னாருக்கா.”

“நீ பாத்தியா திருடினத?”

“இல்ல.”

“அப்ப தெரியாததைச் சொல்லாத தம்பி. இங்க ஒண்ணு, பாஸ்போர்ட் ஆபீஸ்ல ஒண்ணு, விசாரிக்க வர்ற போலீஸ்காரர்கிட்ட ஒண்ணுன்னு சொன்னேன்னு வெய்யி, அங்கதான் நிக்கும். சென்ட்ரல்லருந்து அத்திப்பட்டு வர்ற வழியில, ரயில்ல. அவ்ளோதான். எங்க கேட்டாலும் இதே வரி.”

பிரின்டரிலிருந்து வந்த தாளை அவனிடம் நீட்டினார். “இதுல கேஸும் இல்ல, விசாரணையும் இல்ல. தொலைஞ்சதுன்னு நீ சொன்னதுக்கு ஒரு நம்பர், அவ்ளோதான். இதை எடுத்துனு ஸ்டேஷனுக்குப் போயி சி.எஸ்.ஆரும் வாங்கிக்கோ. ரெண்டும் கையில இருந்தா கவுன்டர்ல பேச்சு வராது.”

அடுத்தது பழைய பாஸ்போர்ட்டின் நகல். முதல் இரண்டு பக்கமும் கடைசி இரண்டு பக்கமும் வேண்டும். பையன் போனைத் துழாவினான். ஏஜென்டுக்கு அனுப்பிய படம் இருந்தது. முகம் இருக்கும் பக்கம் மட்டும், அதுவும் ஒரு ஓரம் வெட்டுப்பட்டு. அம்மா மஞ்சள் பையைத் தரையில் கொட்டினார். பள்ளிச் சான்றிதழ், ஐ.டி.ஐ. சான்றிதழ், செத்துப்போன அப்பாவின் வாக்காளர் அட்டை, கேஸ் புத்தகம், தடுப்பூசி அட்டை. பாஸ்போர்ட் நகல் மட்டும் இல்லை. அந்தப் பெண் எதுவும் பேசாமல் தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். நாலு பக்கமும் அதில் இருந்தன. மூன்று மாதத்துக்கு முன் மெடிக்கலுக்காக அவன் இங்கேதான் ஸ்கேன் எடுத்திருக்கிறான். அழிக்காமல் கிடந்திருக்கிறது.

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் இவனைப்போல் எத்தனை பேருடைய ஆதாரும் பான் கார்டும் பேங்க் புத்தகமும் கிடக்கும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. பொறுப்பானவர் கையில் இருப்பதால் இன்று ஒருவனைக் காப்பாற்றியது. எல்லாக் கடையிலும் இவரைப் போன்றவரே இருப்பார் என்று சொல்ல முடியாது. பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் நாலு பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்துத் தங்களிடமே ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் காகிதமாகவும் ஒன்று இருக்கட்டும்.

எப்படித் தொலைந்தது என்று ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். இணைப்பு எஃப் என்று அதற்கு ஒரு வாசகம் இருக்கிறது. “நோட்டரி கிட்ட போவணும், ஆயிரத்தி ஐந்நூறு ஆகும்னு ஏஜென்ட் சொன்னாருக்கா,” என்றான்.

அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று இறுகியது. “நோட்டரியும் வேணாம், ஸ்டாம்ப் பேப்பரும் வேணாம். வெள்ளைத்தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்னு 2016லயே சொல்லிட்டாங்க. அந்தக் காசை வெச்சுக்கோ, தாம்பரத்துக்கும் வீட்டுக்கும் அலையணும்ல.”

உண்மைதான். 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் விதிகளைத் தளர்த்தியபோது, இணைப்புப் படிவங்களை வெள்ளைத்தாளில் தாமே எழுதிக் கொடுத்தால் போதும், யாரும் சான்றொப்பம் இட வேண்டியதில்லை என்று அறிவித்துவிட்டது. அந்தச் செய்தி இன்னும் சில ஏஜென்ட் ஆபீஸ் வாசலோடு நின்றுவிடுகிறது.

தாம்பரம் ஏன் என்றால், அங்கேதான் நாள் முன்னதாகக் கிடைத்தது. சென்னை வட்டார பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ்தான் திருவள்ளூர் மாவட்டம் வருகிறது. சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என்று மூன்று சேவா கேந்திரங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அமைந்தகரை பக்கம், ஆனால் நாள் தள்ளி. தாம்பரம் நகரத்தின் மறுகோடி, ஆனால் நாளை மறுநாள். “தூரத்தைப் பாக்காத. நாளைப் பாரு.” தொலைந்ததற்கு மாற்றாக 36 பக்கப் புத்தகம் வாங்கக் கட்டணம் 3,000 ரூபாய், தத்கால் என்றால் மேலும் 2,000. முதலில் சாதாரணக் கட்டணத்தைத்தான் இணையத்தில் கட்டுவது, மீதி அங்கே போய்.

“தத்கால் போட்டா மூணு நாள்ல வந்துடுமாக்கா?”

“மூணு வேலை நாள்னு சொல்றாங்க. ஆனா தொலைஞ்ச கேஸ்ல போலீஸ் விசாரணை முடிஞ்சு ரிப்போர்ட் போனப்புறம்தான் கணக்குனு வெச்சுக்கோ. தத்கால்ல குடுக்கறதும் குடுக்காததும் அதிகாரி கையில. நான் உறுதி சொல்ல மாட்டேன்.”

உறுதி சொல்லாத அந்தக் குணம்தான் அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவசரத்தில் தவிக்கிறவனிடம் ‘வந்துடும் வந்துடும்’ என்று சொல்லிப் பணம் வாங்குவது எளிது. கேட்கிறவனும் அதைத்தான் கேட்க விரும்புகிறான்.

படிவத்தில் முகவரி வந்த இடத்தில் மறுபடி நிறுத்தினார். பழைய பாஸ்போர்ட்டில் இருந்தது முந்தைய வாடகை வீடு. “இப்ப எங்க இருக்கீங்க? அதைத்தான் போடணும். பழைய அட்ரஸையே போட்டா, போலீஸ்காரர் அங்க போயி ‘இப்படி ஒருத்தர் இங்க இல்ல’ன்னு எழுதிட்டா முடிஞ்சுது.” ஆதாரில் இப்போதைய முகவரி இருந்தது, ரேஷன் கார்டுக்காக அம்மா முன்பே மாற்றியிருந்தார். வாடகை ஒப்பந்தம் இல்லை. வீட்டுக்காரர் எழுத்தில் எதுவும் தரமாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். இந்தத் தெருக்களில் பாதி வீடுகள் அப்படித்தான். வேலை தேடி வந்தவர்கள் ஓட்டு வீட்டிலும் ஷீட் வீட்டிலும் அட்வான்ஸ் கொடுத்துக் குடியிருக்கிறார்கள். வருஷக்கணக்காக வாடகை கட்டியதற்கு அவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

கடைசியாக விசாத்தாளைப் பார்த்த அந்தப் பெண், அதில் ஓர் இடத்தில் விரல் வைத்தார். “இதுல பழைய பாஸ்போர்ட் நம்பர் இருக்குது பாரு. புதுசு வந்தா நம்பர் மாறும். விசாவையும் மாத்தணும். கம்பெனிக்கு இப்பவே மெயில் போட்டுடு.”

“அதை ஏஜென்ட் பாத்துக்கறேன்னு சொன்னாருக்கா.”

அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் இதுவேதான் பேச்சு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் சவூதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். “பாஸ்போர்ட் பாஸ்போர்ட்னு அலையிறான் பாவம். அங்க எறங்கின அன்னிக்கே கம்பெனிக்காரன் வாங்கிப் பெட்டியில வெச்சுப் பூட்டிடுவான். நான் வரும்போது புக்கே தரல. எம்பசியில அவுட் பாஸ் வாங்கித்தான் வந்தேன்.” அவுட் பாஸ் என்று அவர் சொல்வது, ஊருக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் இந்தியத் தூதரகம் தரும் அவசரச் சான்று. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைக்கக் கூடாது என்று வளைகுடா நாடுகளிலும் சட்டம் இருக்கிறது. பெட்டிச் சாவி இன்னும் முதலாளியிடம்தான் இருக்கிறது என்பதை அங்கிருந்து வரும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தப் பேச்சுக்கு நடுவே கார் ஏற்றிய ட்ரெயிலர் ஒன்று துறைமுகம் பக்கம் திரும்பியது. மேலும் கீழுமாகப் புதுக் கார்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். 2001இல் கப்பல் வரத் தொடங்கிய எண்ணூர் துறைமுகம், இப்போது காமராஜர் துறைமுகம். நிலக்கரி இறங்குகிறது, கார் ஏறுகிறது, எரிவாயு வருகிறது. ஒரு நாளில் உலகத்தின் எத்தனை மூலைகளோடு இந்த ஊர் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்கிறது! இதே ஊரில் பிறந்தவன் ஐம்பது நாள் வேலைக்கு வெளியே போக, தான் யார், எங்கே குடியிருக்கிறான், எப்படித் தொலைத்தான் என்று ஒவ்வொரு மேசையிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லத்தான் வேண்டும், அடையாளத்தை இஷ்டத்துக்கு அள்ளிக் கொடுக்க முடியாது. சொல்லி முடிக்கிற வழியாவது இவனுக்கு யாராவது காட்ட வேண்டுமல்லவா, அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2015 டிசம்பர் நினைவுக்கு வந்தது. வெள்ளத்தில் சென்னையும் சுற்றுவட்டாரமும் மூழ்கிக் கிடந்தபோது, அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜ், பாஸ்போர்ட்டை வெள்ளத்தில் இழந்தவர்கள் சென்னையின் மூன்று சேவா கேந்திரங்களில் எதற்கு வேண்டுமானாலும் வரலாம், கட்டணமில்லாமல் புதியது தரப்படும் என்று அறிவித்தார். ஊரே இழந்தபோது அரசு தானாகவே கதவைத் திறந்தது. தனியாக ஒருவன் இழந்தால் அந்தக் கதவு எந்தப் பக்கம் என்று அவனேதான் தேடியாக வேண்டும்.

தாம்பரம் போய் வந்த அன்று மாலை பையன் சென்டருக்கு வந்து ஒப்பித்தான். ஏ கவுன்டரில் போட்டோ, கைரேகை, காகிதங்களை ஸ்கேன் செய்வது. பி கவுன்டரில் சரிபார்ப்பு. சி கவுன்டரில் முடிவு சொல்லும் அதிகாரி. மூன்று அடையாளம் கேட்டார்கள்: ஆதார், பான், வாக்காளர் அட்டை. மூன்றும் இருந்தன. சி கவுன்டரில் எப்படித் தொலைத்தாய் என்ற கேள்வி. “நீங்க சொல்லிக் குடுத்த அதே வரிய சொன்னேன்க்கா. அவரு எல்.டி.ஆரையும் சி.எஸ்.ஆரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாரு. போலீஸ் ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் அனுப்பறோம்னாரு.”

போலீஸ்காரர் மறுநாளே வந்துவிட்டார். என் வீடு எதிர்ச்சாரியில். வாசலில் பைக்கை நிறுத்தி, போனில் இருந்த செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆதாரைப் பார்த்தார். வாடகை ஒப்பந்தம் கேட்டார். பையன் இல்லை என்றான். அந்த அம்மாவின் கை புடவைத் தலைப்பைச் சுற்றிச் சுற்றி முறுக்கியது.

“வீட்டுக்காரர் யாரு?”

பக்கத்து வீட்டிலிருந்து அவர் வெளியே வந்தார். லுங்கி, தோளில் துண்டு. எழுத்தில் எதுவும் தரமாட்டேன் என்று சொன்ன அதே மனிதர். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ‘எனக்குத் தெரியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனாலும் யாரும் அவரைக் கேட்க முடியாது.

“நாலு வருஷமா இங்கதான் சார் இருக்காங்க. அப்பா இல்ல. அந்தம்மா கஷ்டப்பட்டு ஆளாக்கினது. எந்த வம்புக்கும் போவாத பையன்.” கொஞ்சம் நிறுத்தி, “எங்க கையெழுத்துப் போடணும், குடுங்க,” என்றார்.

கையெழுத்து வேண்டாம், பெயரும் போன் நம்பரும் போதும் என்றார் போலீஸ்காரர். வீட்டு முன்னால் பையனை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டார். வந்த வேலை கால் மணியில் முடிந்தது. பணம் எதுவும் கைமாறவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் போன பிறகு அந்த அம்மா வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “போம்மா, போயி அடுப்பைப் பாரு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார் அவர்.

காகிதம் தரப் பயந்த மனிதர் வாய்ச்சொல் தரப் பயப்படவில்லை. காகிதம் தந்தால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தப்பு என்று எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாததால், வாடகைக்கு இருக்கிறவர்களின் பாஸ்போர்ட்டும் ரேஷனும் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையும் ஒரு மனிதரின் நல்ல மனசை நம்பி நிற்கின்றன. இவர் நல்லவராகப் போனார். எல்லாத் தெருவிலும் அப்படி அமையாது.

போஸ்ட்மேன் ஸ்பீட் போஸ்ட் கவரோடு வந்தபோது அம்மாவிடம் தரவில்லை. அவன் கையில்தான் தருவேன், அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போடட்டும் என்று நின்றார். பையன் ஓட்டமாக வந்தான். சென்னையில் 2025 மார்ச் முதல் தரும் இ-பாஸ்போர்ட். அட்டையின் கீழே சிறிதாக ஒரு தங்க நிறக் குறி, உள்ளே சிப். விமானத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். இவ்வளவு வேகமாக நடந்ததற்குக் காரணம், அந்தப் பெண் முதல் நாளே ஒவ்வொன்றையும் வரிசை பிசகாமல் செய்ய வைத்தது. எந்த இடத்திலும் ஒரு காகிதம் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகமில்லை.

அன்று மாலையே பழைய பாஸ்போர்ட் வந்துவிட்டது.

தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்ப்பவர் ஒருவர், கத்திவாக்கம் பக்கம் ஜல்லிக்கு நடுவே கிடந்ததைப் பார்த்து எடுத்திருக்கிறார். மழையில் நனைந்து ஓரம் உப்பியிருந்தது. கடைசிப் பக்கத்து முகவரிக்குப் போய், அங்கே இல்லை என்றதும் விசாரித்து விசாரித்து இந்தத் தெருவுக்கு வந்துவிட்டார். பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். டீக்குக் காசு கொடுத்தபோது வாங்கவில்லை. “நம்ம பையன் ஒருத்தன் மஸ்கட்ல இருக்கான்,” என்று மட்டும் சொன்னார்.

பையன் இரண்டையும் எடுத்துக்கொண்டு சென்டருக்கு வந்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “அக்கா, விசா இந்த நம்பர்லதான இருக்குது? இதையே எடுத்துனு போயிடலாம்னு ஏஜென்ட் சொல்றாரு. ஏர்போர்ட்ல ரெண்டையும் காட்டினா வுட்டுடுவாங்களாம்.”

“போகாத.”

இவ்வளவு கறாராக அவர் பேசி நான் கேட்டதில்லை. “தொலைஞ்சதுன்னு நீயே எழுதிக் குடுத்துட்ட. புதுசு குடுத்துட்டாங்கன்னா பழசு ரத்து. இமிக்ரேஷன்ல இதை வெச்சதும் அங்கேயே நிறுத்திடுவாங்க. நீ எடுத்துனு போவ வேண்டியது புதுசு ஒண்ணுதான். பழசைக் கொண்டுபோயி பாஸ்போர்ட் ஆபீஸ்ல குடுத்துடு.”

தொலைந்ததாகப் பதிந்த பாஸ்போர்ட்டின் நம்பர், இன்டர்போல் பராமரிக்கும் தொலைந்த, திருடப்பட்ட பயண ஆவணங்களின் பட்டியல்வரை போகக்கூடியது. நம் ஊர்க் கவுன்டரைத் தாண்டினாலும் இறங்குகிற நாட்டில் மாட்டிக்கொள்வான். அந்தப் புத்தகமும் சட்டப்படி அவனுடையது இல்லை. 1967ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவு, எந்தப் பாஸ்போர்ட்டும் எப்போதும் மத்திய அரசின் சொத்து என்கிறது. கிடைத்தால் திருப்பித் தருவதுதான் முறை. இவ்வளவும் என் நாக்கு நுனிவரை வந்தது. அவர் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டேன்.

அவன் உடைந்து உட்கார்ந்தான். மூன்று நாளில் விசா மாறாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தப் பெண் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. கம்பெனியின் முகவரியை விசாத்தாளிலிருந்து எடுத்து, ஆங்கிலத்தில் மெயில் எழுதி, அதை அந்த அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினார். பழைய நம்பர், புது நம்பர், இரண்டின் நகல், எல்.டி.ஆர். எல்லாம் இணைத்தார். மறுநாள் பதில் வந்தது. இந்த பேட்ச் போய்விடும். புது நம்பரில் விசா எடுத்துத் தருகிறோம், அடுத்த மாத பேட்ச்சில் வா. வேலை போகவில்லை. மெயில் முதல் நாளே போயிருந்தால் இந்த பேட்ச்சிலேயே போயிருப்பானா? போயிருக்கலாம்.

அதற்குள் ஏஜென்டிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டான். விசா மாற்ற இருபதாயிரம், டிக்கெட் மாற்றப் பத்தாயிரம், நாளைக்குள் கொண்டு வா.

“விசாவைக் கம்பெனி மாத்தித் தர்றேன்னு எழுதியிருக்கான். இவருக்கு எதுக்கு இருபதாயிரம்?” என்றார் அந்தப் பெண். “முன்னாடி எவ்ளோ குடுத்த?”

பையன் பேசவில்லை. அம்மாதான் சொன்னார். “எண்பத்தஞ்சாயிரம்மா. கம்மலும் செயினும் வெச்சுக் குடுத்தோம்.”

“ரசீது?”

“அதெல்லாம் தரல.”

அரசாங்கத்தில் பதிவு செய்த ஏஜென்ட், ஆளிடமிருந்து வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். பத்தாம் வகுப்பு தேறியவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனைக் கட்டுப்பாடு இருக்காது. அதனால் இவன் எந்த ஒப்பந்தத்தில் போகிறான், யாருக்கு எவ்வளவு கொடுத்தான் என்று எந்த அலுவலகமும் கேட்டதில்லை. தொலைந்துபோன புத்தகத்தைப் பற்றி எத்தனை மேசைகளில் எத்தனை கேள்வி! அந்தக் கம்மலையும் செயினையும் பற்றி இதுவரை கேட்ட ஒரே ஆள் இந்தக் கடைக்காரப் பெண்தான்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இ-மைக்ரேட் தளத்தைத் திறந்தார். பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் அதில் இருக்கிறது.

“அந்த ஆபீஸ் போர்டுல என்ன பேரு போட்டிருந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லு தம்பி. லைசென்ஸ் நம்பர் ஏதாவது இருந்துச்சா?”